மறைஞானக் கவிதையிலிருந்து ஒரு தனிப் பியானோ இசை: எழுதும் முறை, வரிசைப்படி

மறைஞானச் சாயலில் பியானோவுக்கு எழுத உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டு மைனர் கார்டுகளை மெதுவாக உருட்டிப் பார்ப்பார்கள். பத்து நிமிடம் கேட்க நன்றாகத்தான் இருக்கும். மறுநாள் உட்கார்ந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. தொடர்வதற்கு அதில் எதுவும் இருக்காது.

இந்த வகையில் நிலைத்த பெயர்களின் இசைத்தாள்களைப் பிரித்துப் பார்த்தால் வேறு கதை. மூட்டமாகக் கேட்கிற இசைக்கு அடியில் கறாரான ஒரு விதி ஓடுகிறது. எந்த ஸ்வரம் வரலாம், எத்தனை வரலாம், இடது கை எதைத் தொடலாம் என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவானவை. அதனால் இங்கே வரிசை இதுதான்: கவிதை, விதி, அப்புறம்தான் மெலடி. மெலடியில் தொடங்கிவிட்டு விதியைப் பின்னால் ஒட்டவைத்தவர்கள் பாதியில் நின்றுபோவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

கீழே ஒரு உதாரணத்தை முழுமையாகக் கட்டிக் காட்டுகிறேன். முடிவில் மூன்றரை நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட ஓடும் ஒரு துண்டு கையில் இருக்கும். முதல் தடவை அதையே அப்படியே செய்து பாருங்கள். இரண்டாம் தடவை கவிதையையும் விதியையும் மாற்றிக்கொள்ளலாம்.

## 1. உட்காரும் முன் தேவையானவை

டிரெபிள் கிளெஃப் வாசிக்கத் தெரிய வேண்டும். ஒரு டிரையட் என்றால் எந்த மூன்று ஸ்வரங்கள் என்று தெரிய வேண்டும். விரல் வேகம் தேவையில்லை.

அகூஸ்டிக் பியானோ இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் 61 கீ கொண்ட கீபோர்டு போதும். நம் உதாரணத்தின் மிக உயர்ந்த ஸ்வரம் அதன் கடைசிக் கீயோடு சரியாக முடிகிறது. ஆனால் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி கூடிக் குறைய வேண்டும், சஸ்டெயின் பெடலும் வேண்டும். இந்த இரண்டும் இல்லாத கீபோர்டில் இதை எழுதிப் பயனில்லை.

ரிவர்ப் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். அது எதை வாசித்தாலும் கோயில் மண்டபத்தில் வாசித்தது போலக் காட்டும். எழுதும்போது உங்களுக்குத் தேவை உண்மையான ஒலி.

பென்சில், அழிப்பான், ஐந்து கோட்டுத் தாள். கம்ப்யூட்டரைக் கடைசியில் திறந்தால் போதும்.

## 2. முன்னோர் இருவரைத் தேர்ந்தெடுங்கள். இரண்டுக்கு மேல் வேண்டாம்

ஒருவரிடமிருந்து ஒலிக்கான விதி, இன்னொருவரிடமிருந்து வடிவம். மூன்றாவது ஆள் உள்ளே வந்தால் துண்டு கதம்பமாகிவிடும். ‘சாயல்’ என்று மொத்தமாகப் பார்க்காமல், தாளில் அவர் சரியாக என்ன செய்தார் என்று பாருங்கள்.

எஸ்டோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பேர்ட் 1976இல் எழுதிய ‘ஃப்யூர் அலீனா’ தொடக்கக்காரர்களுக்கு மிக நல்ல பாடம். வலது கை பி மைனர் ஸ்கேலில் நடக்கும். இடது கை பி மைனர் டிரையட்டின் மூன்று ஸ்வரங்களை மட்டும் தொடும். டைம் சிக்னேச்சர் கிடையாது. ஸ்வரம் குட்டை அல்லது நீளம், அவ்வளவுதான். ஒவ்வொரு பாரிலும் ஸ்வரங்களின் எண்ணிக்கை ஒவ்வொன்றாக ஏறி, பிறகு இறங்கும். ஒரே ஓர் இடத்தில் இடது கை டிரையட்டை விட்டு சி ஷார்ப்பைத் தொடுகிறது. அந்த ஓர் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், நமக்கு வேலை இருக்கிறது.

எரிக் சாட்டி 1880களில் எழுதிய ‘ஓஜீவ்’ என்ற நான்கு சிறு துண்டுகளில் வடிவம் மிக எளிது. தேவாலயப் பாட்டு போன்ற ஒரு வரி. அதை முதலில் துணையில்லாமல் ஆக்டேவில் வாசிக்க வேண்டும். பிறகு அதே வரி கார்டுகளோடு பலமாக, மெதுவாக, மறுபடி பலமாக. வரி மாறவே மாறாது, அதன் உடை மட்டும் மாறும்.

ஃபெடரிக்கோ மொம்பூவின் ‘மூசிக்கா கயாதா’ 1959 முதல் 1967 வரை நான்கு தொகுப்புகளாக வந்த 28 துண்டுகள். ‘ஒலியற்ற இசை’ என்ற அந்தத் தலைப்பு, ஸ்பெயின் மறைஞானி சிலுவை யோவானின் கவிதையிலிருந்து வந்தது. மொம்பூவின் தாய்வழிக் குடும்பத்துக்கு பார்சிலோனாவில் மணி வார்ப்பதுதான் தொழில். எஃப் ஷார்ப், சி, இ ஃபிளாட், ஏ ஃபிளாட், டி என்று கீழிருந்து அடுக்கி வாசித்துப் பாருங்கள். அவருடைய ‘உலோக கார்டு’ அதுதான். அவரிடம் எடுக்கத்தக்கது அந்த மணியொலியும், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடும் துணிவும்.

அலெக்ஸாண்டர் ஸ்க்ரியாபினுக்கு நம் பக்கத்தில் ரசிகர்கள் அதிகம், காரணமும் உண்டு. அவர் பிரம்மஞானக் கருத்துகளில் ஆழ்ந்தவர். அவற்றைப் பரப்பும் பிரம்மஞான சபையின் (தியோசாபிகல் சொசைட்டி) தலைமையகம் சென்னை அடையாறில் இருக்கிறது. இமயமலை அடிவாரத்தில் நடத்த ‘மிஸ்டீரியம்’ என்ற பெரும் சடங்கிசையைத் திட்டமிட்டார். முடிக்காமலே 1915இல் இறந்தார். அவருடைய ‘மிஸ்டிக் கார்டு’ சி, எஃப் ஷார்ப், பி ஃபிளாட், இ, ஏ, டி. சி-யை ஸட்ஜமாக வைத்து வரிசைப்படுத்தினால் பஞ்சமம் இல்லாத வாசஸ்பதி. அதனாலேயே கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. கார்டைத் தொட்டவுடன் விரல் ராகப் பிரயோகங்களுக்குப் போய்விடும். பியானோவில் கமகம் வராது. வந்ததாக நினைத்துப் பக்கத்துக் கீயை உரசிக்கொண்டிருப்பீர்கள். முதல் துண்டுக்கு இவரை விட்டுவிடுங்கள்.

லிஸ்ட் 1863இல் எழுதிய இரண்டு ‘லெஜன்ட்’களும் வேண்டாம். பறவைகளுக்குப் பிரசங்கம், அலைமேல் நடப்பது என்று புனிதர்களின் கதையை இசையால் சொல்பவை அவை. விரல் பலம் இல்லாமல் அந்தப் பக்கம் போகவே முடியாது.

நம் உதாரணத்துக்கு: ஒலி விதி பேர்ட்டிடமிருந்து, வடிவம் சாட்டியிடமிருந்து.

## 3. கவிதையை எடுத்து அசையை எண்ணுங்கள்

கவிதை எதற்கு? உணர்வு வரவழைக்க என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உணர்வு வந்தால் வரட்டும். நமக்கு அதிலிருந்து வேண்டியது நீளம். வரி எங்கே முடியும், மூச்சு எங்கே என்பதைக் கவிதை முடிவு செய்துவிட்டால், எட்டு எட்டு பாராகச் சதுரமாக எழுதும் பழக்கத்திலிருந்து தப்பிக்கலாம்.

சிலுவை யோவான் எழுதிய ‘இருண்ட இரவு’ கவிதையின் முதல் பத்தியை எடுத்துக்கொள்வோம். ஓர் இருண்ட இரவில், காதலின் தவிப்பில் பற்றி எரிந்து, ஆகா என்ன பேறு, யாரும் காணாமல் வெளியேறினேன், என் வீடு அமைதியில் ஆழ்ந்திருந்தது என்பது பொருள். இதன் யாப்பு ‘லிரா’. ஐந்து வரிகளில் அசைகள் 7, 11, 7, 7, 11. மொத்தம் 43.

ஓர் அசைக்கு ஒரு ஸ்வரம் என்று வைத்தால் மெலடியின் சட்டகம் தயார். கூடவே இன்னொன்றும் கிடைக்கிறது. ஸ்பானிய யாப்பில் இந்த வரிகளின் கடைசிக்கு முந்தைய அசையில் கட்டாயம் அழுத்தம் விழும். ஏழில் ஆறாவது, பதினொன்றில் பத்தாவது. அந்த ஸ்வரத்தை நீளமாக்கிவிடுவோம். கடைசி ஸ்வரம் குட்டையாகவே இருக்கும். இப்படி வைத்தால் வரி முடியும் இடத்தில் இசை உட்கார்ந்துவிடாது, லேசாக நழுவும்.

இங்கே வழக்கமாக நடக்கும் பிழை ஒன்று. முதல் வரி ‘என் ஊனா நோச்சே ஒஸ்கூரா’. எழுத்தைப் பார்த்து எண்ணினால் எட்டு அசை வரும். நோச்சேயின் கடைசி உயிரும் ஒஸ்கூராவின் முதல் உயிரும் ஒன்றாகச் சேர்ந்துதான் ஒலிக்கும், அதனால் ஏழு. எந்த மொழியானாலும் வாயால் சொல்லி எண்ணுங்கள், கண்ணால் எண்ணாதீர்கள்.

தமிழ்ப் பாடலை எடுப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. குறிலுக்குக் குட்டை ஸ்வரம், நெடிலுக்கு நீள ஸ்வரம் என்று வைத்தால் தாளக்கட்டே தனியாக வேண்டாம். திருமந்திரத்தில் ஒரு பாட்டை அப்படி எழுதிப் பாருங்கள். ஆனால் அது பாடப்படும் பழக்கமான மெட்டு காதில் இருந்தால் வேறு பாட்டுக்குப் போய்விடுங்கள். மெட்டு விதியை விழுங்கிவிடும்.

## 4. ஸ்வரங்களைக் குறையுங்கள், ஒன்றை ஒளித்து வையுங்கள்

டி மைனரை மையமாக எடுக்கிறோம். டி, இ, எஃப், ஜி, ஏ, சி. ஆறே ஸ்வரங்கள். பி கிடையாது, பி ஃபிளாட்டும் கிடையாது.

ஏன் அதை விட்டோம்? பி வந்தால் ஸ்கேல் டோரியன் என்ற பழைய தேவாலய வகை ஆகும், பி ஃபிளாட் வந்தால் சாதாரண மைனர் ஆகும். இரண்டும் வராதவரை காது அதைத் தீர்மானிக்க முடியாமல் காத்துக்கொண்டே இருக்கும். அந்தக் காத்திருப்பைச் சேமித்து வைத்து ஒரே ஓர் இடத்தில் செலவழிக்கப் போகிறோம்.

புதியவர்கள் இங்கே பொறுமை இழப்பார்கள். ‘ஆறு ஸ்வரம் சலிப்பாக இருக்கிறது’ என்று மூன்றாவது வரியிலேயே ஒரு ஷார்ப்பைச் சேர்ப்பார்கள். சேர்த்தவுடன் நன்றாகக் கேட்கும், அதுதான் ஆபத்து. அடுத்த வரிக்கு இன்னொன்று தேவைப்படும்.

## 5. விதியைத் தாளின் தலையில் எழுதுங்கள்

மனதில் வைத்துக்கொள்வதாகச் சொல்லாதீர்கள். மனதில் இருக்கும் விதி வாசிக்கும்போது வளைந்துகொடுக்கும். நம் உதாரணத்துக்கு எழுத வேண்டியது இவ்வளவுதான்:

வலது கை: ஆறு ஸ்வரங்களுக்குள், பக்கத்து ஸ்வரத்துக்கு மட்டும் நகரலாம். பி இல்லாததால் ஏ-யிலிருந்து சி-க்குப் போவதும் ஒரு படிதான். வரியின் கடைசிக்கு முந்தைய ஸ்வரம் நீளம், மற்றவை குட்டை. புதிய வரி எங்கிருந்தும் தொடங்கலாம்.

இடது கை: டி, எஃப், ஏ மட்டும். வலது கை ஸ்வரத்துக்குக் கீழே மிக அருகில் இருப்பதைத் தொட வேண்டும். அதே ஸ்வரத்தைத் தொடக் கூடாது.

இரண்டு கையும் எப்போதும் ஒரே கணத்தில் விழ வேண்டும்.

## 6. வலது கையை எழுதுங்கள்

மிடில் சி-க்கு அடுத்த டி-யை விட்டுவிட்டு, அதற்கு ஓர் ஆக்டேவ் மேலே உள்ள டி-யில் தொடங்குங்கள். உயரத்தில் தொடங்குவதற்குக் காரணம் பெடல். மேல் ஸ்வரங்கள் சீக்கிரம் அடங்கிவிடும், அதனால் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலும் தெளிவாக இருக்கும். இதையே இரண்டு ஆக்டேவ் கீழே வாசித்தால் சேறு.

ஐந்து வரிகள்:

வரி 1: டி, இ, எஃப், இ, எஃப், ஜி, எஃப்

வரி 2: எஃப், ஜி, ஏ, ஜி, ஏ, சி, ஏ, ஜி, ஏ, சி, ஏ

வரி 3: ஏ, ஜி, எஃப், ஜி, ஏ, ஜி, எஃப்

வரி 4: இ, எஃப், ஜி, எஃப், இ, எஃப், இ

வரி 5: ஏ, ஜி, எஃப், ஜி, எஃப், இ, எஃப், இ, டி, இ, டி

ஒவ்வொரு வரியிலும் கடைசிக்கு முந்தையதுதான் நீள ஸ்வரம். இரண்டாம் வரியில் சி இரண்டு முறை வருகிறது, இரண்டும் அந்த வரியின் அழுத்த அசைகளில்தான். தவிப்பைப் பேசும் வரி என்பதால் உச்சத்தை அங்கே மட்டும் வைத்தேன். மற்ற வரிகள் ஏ-யைத் தாண்டுவதில்லை. உச்ச ஸ்வரத்தை எல்லா வரிக்கும் பங்கு போட்டுக் கொடுக்காதீர்கள்.

எழுதி முடித்ததும் வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். பாடும்போது தடுக்கும் இடம் வாசிக்கும்போதும் தடுக்கும். நீங்கள் சொந்தமாக எழுதும் மெலடி மேலே போய்க் கீழே வந்து மறுபடி மேலே போய் ஸ்கேல் பயிற்சி போல ஆகிவிட்டால், நடுவில் திரும்பும் இடங்களைக் கூட்டுங்கள். ஒரு திசையில் தொடர்ந்து மூன்று ஸ்வரத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டாலே அந்தத் தொல்லை தீரும்.

## 7. இடது கை தானாக வரும்

இந்தப் படியில் யோசிக்க எதுவுமில்லை, கணக்குப் போட்டால் போதும். வலது கை டி என்றால் இடது கை கீழே ஏ. இ என்றாலும் எஃப் என்றாலும் டி. ஜி என்றாலும் ஏ என்றாலும் எஃப். சி என்றால் ஏ.

முதல் வரிக்குப் போட்டால்: ஏ, டி, டி, டி, டி, எஃப், டி. ஆறாவது ஸ்வரத்தைக் கவனியுங்கள். வலது கையில் ஜி நீளமாக நிற்கிறது, அதன் அடியிலேயே எஃப் நிற்கிறது. இரண்டும் ஒட்டிய ஸ்வரங்கள், உரசும். அந்த உரசல் மெல்லத் தேய்ந்து, அடுத்து எஃப்பும் டியும் விழும்போது விடுபடும். மணியொலி போன்ற அந்த நிறம் இங்கிருந்துதான் வருகிறது. இதை யாரும் ‘கண்டுபிடித்து’ எழுதவில்லை, விதி கொடுத்தது.

உரசலைக் கேட்டதும் தப்பாக எழுதிவிட்டோமோ என்று எஃப்பை டி-யாக மாற்றுவது இந்தப் படியின் பெரிய பிழை. மாற்றினால் இனிமையாகத்தான் இருக்கும், ஆனால் அந்த நிறம் போய்விடும்.

வாசிப்பதில் ஒரு சிக்கல் வரும். பக்கத்துப் பக்கத்துக் கீயை இரண்டு கையும் தொடுவதால் விரல்கள் முட்டிக்கொள்ளும். இடது கையைக் கீயின் உட்பக்கமாகவும் வலது கையை விளிம்பிலும் வைத்தால் சரியாகிவிடும்.

## 8. வடிவம்: ஒரே பத்தி மூன்று உடையில்

சாட்டியின் ஓஜீவில் ஒரே வரி திரும்புவது போல, நம் 43 ஸ்வரங்களும் மூன்று முறை வரும்.

முதல் சுற்றில் வலது கை மட்டும், துணையில்லாமல். கேட்பவர் மெலடியைத் தெரிந்துகொள்ளட்டும். இதைத் தவிர்க்க எல்லோருக்கும் ஆசை வரும், வெறுமையாக இருக்கிறது என்பார்கள். வெறுமையாக இருக்க வேண்டியதுதான். இல்லாவிட்டால் இரண்டாம் சுற்றில் இடது கை வருவது யாருக்கும் தெரியாது.

இரண்டாம் சுற்றில் இரண்டு கையும், மேலே சொன்ன விதிப்படி.

மூன்றாம் சுற்றில் வலது கை ஓர் ஆக்டேவ் மேலே போகிறது, இடது கை இருந்த இடத்திலேயே இருக்கிறது. நடுவில் இடைவெளி திறக்கும். முட்டிக்கொண்டிருந்த ஜியும் எஃப்பும் இப்போது ஒன்பதாவது இடைவெளியாகி மென்மையாகிவிடும். ஒலியளவைக் கூட்டாதீர்கள். சாட்டி பலமாக அடிக்கச் சொன்ன இடத்தில் நாம் அவரை விட்டு விலகுகிறோம், ஏனென்றால் பேர்ட்டின் இரண்டு குரல் விதி அவ்வளவு பலத்தைத் தாங்காது.

குட்டை ஸ்வரத்துக்கு ஒரு விநாடி, நீள ஸ்வரத்துக்கு மூன்று விநாடி, வரி முடிவில் மூன்று விநாடி மௌனம் என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு 68 விநாடி. மூன்று சுற்று 204. அதுதான் நான் தொடக்கத்தில் சொன்ன மூன்றரை நிமிடம்.

## 9. விதியை ஒரே ஒரு முறை மீறுங்கள்

மூன்றாம் சுற்று, நான்காம் வரி, இரண்டாவது ஸ்வரம். கவிதையில் ‘சலீ’ என்ற சொல்லின் அழுத்தம் இங்கே விழுகிறது. ‘வெளியேறினேன்’ என்று பொருள். இரண்டாம் சுற்றில் இதே இடத்தில் வலது கையின் எஃப்புக்குக் கீழே டி வந்தது. இப்போது டி-க்குப் பதிலாக, மிடில் சி-க்கு ஒட்டிக் கீழே இருக்கும் பி ஃபிளாட்டைத் தொடுங்கள். துண்டு முழுவதிலும் இதுதான் மிகத் தாழ்ந்த ஸ்வரம். இதுவரை ஒரு முறைகூட வராத ஸ்வரமும் இதுதான்.

அடுத்த ஸ்வரத்திலிருந்து இடது கை பழைய விதிக்கே திரும்பிவிட வேண்டும். ஐந்தாம் வரி எதுவும் நடக்காதது போல முடியட்டும்.

மீறலை மூன்றாம் சுற்றுக்குத் தள்ளி வைத்ததற்குக் காரணம் எளிது. விதி காதில் பதிந்த பிறகுதான் மீறல் மீறலாகக் கேட்கும். முதல் சுற்றிலேயே செய்தால் அது இன்னொரு ஸ்வரம், அவ்வளவே. இரண்டு இடத்தில் செய்தாலும் வீண். இரண்டாவது வரும்போது அது வழக்கமாகிவிடும்.

எங்கே மீறுவது என்பதை ஸ்வரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கவிதையில் எந்தச் சொல்லில் நிலைமை மாறுகிறதோ அங்கே வையுங்கள். அழகான இடம் தேடி வைத்தவர்களின் துண்டுகளில் அந்த ஸ்வரம் அலங்காரமாகவே நின்றுவிடுகிறது.

## 10. பெடல்

இதைக் கடைசியில் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெடல் எல்லாக் குறையையும் மறைத்துவிடும். பெடல் இல்லாமல் வாசிக்கும்போதே துண்டு நிற்க வேண்டும்.

முதல் சுற்றில் நீள ஸ்வரத்துக்கு மட்டும் அழுத்துங்கள். இரண்டாம் சுற்றில் வரி தொடங்கும்போது அழுத்தி, வரி முடிந்த மௌனத்தில் எடுங்கள். ஒலி தானாகத் தேய்ந்த பிறகு எடுக்க வேண்டும், வெட்டக் கூடாது.

மூன்றாம் சுற்றில் முதல் மூன்று வரிக்கும் எடுக்கவே எடுக்காதீர்கள். ஒலி மெல்லச் சேர்ந்துகொண்டே வரும். பி ஃபிளாட் விழும் அதே கணத்தில் பெடலை முழுதாக எடுத்துவிட்டு, அப்போது விழுந்த இரண்டு ஸ்வரங்களையும் விரலால் பிடித்தபடியே மறுபடி அழுத்துங்கள். சேர்ந்திருந்த மூட்டம் ஒரே நொடியில் விலகி எஃப்பும் பி ஃபிளாட்டும் மட்டும் நிற்கும். கால் பிந்தினால் பழைய ஒலியும் கூடவே வந்து விளைவு கெட்டுப்போகும். இந்த ஓர் இடத்தைத் தனியாக, மெதுவாக, பலமுறை பழகுங்கள். கீபோர்டில் பெடல் முழு அழுத்தம், முழு விடுதல் என்று இரண்டே நிலையில் வேலை செய்தாலும் இதற்குப் போதும்.

## 11. தாளில் ஏற்றுவது

தண்டில்லாத கறுப்புத் தலை குட்டை, வெள்ளைத் தலை நீளம். டைம் சிக்னேச்சர் வேண்டாம். ஒவ்வொரு வரிக்கும் பின் ஒரு பார் கோடு, அதன் மேல் மூச்சுக்குறி. நான்கு நான்காகப் பிரித்து எழுதினால் வாசிப்பவர் ஒன்றாம் எண்ணில் அழுத்தம் கொடுத்தே தீருவார். கவிதையின் அழுத்தம் போய்விடும்.

இசைத்தாள் எழுதும் மென்பொருளான மியூஸ்ஸ்கோரில் எழுதுவதானால், ஒவ்வொரு பாரின் உண்மையான நீளத்தையும் அதன் பண்புகளில் தனியாக மாற்றலாம். குட்டைக்குக் கால் நோட்டு, நீளத்துக்குப் புள்ளி வைத்த அரை நோட்டு என்று எடுத்தால் ஏழு ஸ்வர வரிக்கு 9/4, பதினொரு ஸ்வர வரிக்கு 13/4. அப்புறம் டைம் சிக்னேச்சரையும் தண்டுகளையும் மறைத்துவிடுங்கள்.

வாசிப்புக் குறிப்பு ஒன்று போதும். சாட்டி தன் ‘க்நொஸியேன்’ துண்டு ஒன்றில் ‘சிந்தனையின் நுனியிலிருந்து’ என்று எழுதியது பிரபலம். அதைப் பார்த்துவிட்டுப் புதியவர்கள் வரிக்கு ஒரு தத்துவம் எழுதுவார்கள். வாசிப்பவர் அதைப் படிப்பாரா, கீயைப் பார்ப்பாரா? ‘அவசரமின்றி, ஒரே அளவில்’ என்று எழுதுங்கள். கவிதை வரிகளை முதல் பக்கத்தில் தனியாக அச்சிடலாம். ஸ்வரங்களுக்கு அடியில் போடாதீர்கள், பாட்டு என்று நினைத்துவிடுவார்கள்.

## 12. சோதிப்பது

செல்போனில் பதிவு செய்து, பியானோவுக்கு எதிரில் இல்லாத வேறொரு நேரத்தில் கேளுங்கள். கேட்கும்போது தாளைப் பார்க்காதீர்கள்.

முதலில் நீள ஸ்வரங்களைக் கவனியுங்கள். கிட்டத்தட்ட எல்லோரும் மூன்று விநாடியை இரண்டாக வாசிக்கிறார்கள், மௌனத்தை இன்னும் குறைக்கிறார்கள். வாசிப்பவருக்கு அது நீண்டதாகத் தெரியும், கேட்பவருக்குத் தெரியாது. மெட்ரோனோமை 60இல் வைத்து ஒரு முறை வாசித்தால் எவ்வளவு அவசரப்படுகிறோம் என்று தெரிந்துவிடும்.

அடுத்து, கைகள் ஒரே கணத்தில் விழுகின்றனவா என்று கேளுங்கள். இடது கை சற்று முந்துவது பலருக்கும் பழக்கம். காதல் பாட்டு வாசிக்கும் பழக்கத்திலிருந்து வருவது அது. இங்கே இரண்டு ஸ்வரமும் சேர்ந்து ஒரே ஒலியாக வேண்டும்.

பிறகு முடிவு. கடைசி டி-க்குக் கீழே விதிப்படி ஏ இருக்கிறது. அடியில் டி இல்லாததால் முடிவு கொஞ்சம் திறந்தே கிடக்கும். அங்கே கீழ் டி-யைச் சேர்த்து முழுக் கார்டாக முடிக்கக் கை துடிக்கும். வேண்டாம். மூன்றரை நிமிடம் காத்த விதியைக் கடைசி விநாடியில் உடைத்தால் பி ஃபிளாட்டின் தனித்தன்மையும் சேர்ந்து போய்விடும்.

எல்லாம் சரி என்று பட்டால், வாசிக்கத் தெரிந்த இன்னொருவரிடம் தாளை மட்டும் கொடுங்கள். விளக்கம் சொல்லாதீர்கள். அவர் எங்கே தயங்குகிறாரோ அங்கே தாளில் ஏதோ குறை.

## 13. பெயரும் உரிமையும்

தலைப்பில் முன்னோரின் பெயரைப் போடுவதானால் ‘சாட்டிக்கு வணக்கத்துடன்’ என்பது போல வெளிப்படையாகப் போடலாம், தவறில்லை. ஆனால் முறையை எடுப்பது வேறு, ஸ்வர வரிசையை எடுப்பது வேறு. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுவரை உரிமை உண்டு. லிஸ்ட் 1886இலும் ஸ்க்ரியாபின் 1915இலும் சாட்டி 1925இலும் இறந்தவர்கள், அவர்களின் வரிகளை நேரடியாகவே எடுத்தாளலாம். மொம்பூ இறந்தது 1987இல். அவருடைய துண்டுகளுக்கும் பேர்ட்டின் துண்டுகளுக்கும் உரிமை இருக்கிறது. ஸ்வரங்களை அப்படியே எடுக்காதீர்கள். டிரையட்டில் ஒரு கையை நிறுத்தும் முறைக்கு யாரும் உரிமை கோர முடியாது.

கவிதைக்கும் இதே கணக்குதான். சிலுவை யோவான் 1591இல் இறந்தவர், மூலத்தில் சிக்கல் இல்லை. அண்மைக்கால மொழிபெயர்ப்பை முதல் பக்கத்தில் அச்சிடுவதானால் மொழிபெயர்த்தவரிடம் அனுமதி வாங்குங்கள். அல்லது நீங்களே மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள், ஐந்தே வரிதான்.